பேப்பர் பாலம் ஏன் உடைஞ்சது? ஈஃபிள் டவர் கட்டியவரின் கதையில் இருக்கிறது பதில்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். வெறும் பேப்பரும் ஃபெவிகாலும் மட்டும் வைத்து ஒரு ட்ரஸ் பாலம் செய்யணும். இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்தால் அது புத்தகங்களைத் தாங்கணும். சித்தி பத்திரிகையில் வேலை பார்ப்பதால் சித்திக்கு எல்லாம் தெரியும் என்பது எட்டாம் வகுப்புப் பையனின் நம்பிக்கை. சித்தி படித்ததோ மீடியா ஸ்டடீஸ்.

ஆனாலும் வீடியோக்கள் இருக்கின்றனவே! பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஏ4 தாளைப் பென்சிலில் சுற்றிக் குழாய் ஆக்கினோம். பாலத்தின் மேல் சட்டம், கீழ் சட்டம், நிற்கும் கால்கள் எல்லாம் குழாய். குறுக்கே சாய்வாகப் போகும் துண்டுகளுக்கு மட்டும் தட்டையான பட்டை. அவை இழுபடத்தான் போகின்றன, அதனால் பட்டையே போதும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். காய்ந்ததும் பாலத்தின் நடுவில் புத்தகம் அடுக்கினோம். ஒன்பது புத்தகம். அசையாமல் நின்றது.

உற்சாகத்தில் பையன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இந்த முறை ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தான். நான்காவது புத்தகத்திலேயே பாலம் கோணிக்கொண்டு சரிந்தது.

ஒன்பதைத் தாங்கியது நாலில் ஏன் போச்சு? இதைத் தேடப் போய் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போய் விழுந்தேன். குஸ்தாவ் ஈஃபிள். பாரிஸ் டவர் ஈஃபிள்தான். ஆனால் அவர் அடிப்படையில் டவர்காரர் இல்லை, பாலக்காரர். அவருடைய பாலங்களில் ஒன்று உடைந்த கதையில்தான் எங்கள் கேள்விக்குப் பதிலும் இருந்தது. அதைச் சொல்லும் முன் அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கெமிஸ்ட்ரி படித்த பாலக்காரர்

1832 டிசம்பர் 15 அன்று பிரான்ஸின் டிஜோன் நகரத்தில் பிறந்தார். அப்பா முன்னாள் ராணுவ வீரர். வீட்டில் உண்மையான பிசினஸ் ஆள் அம்மாதான். நிலக்கரி வியாபாரம் அவர் கையில். குடும்பப் பெயர் பானிக்ஹவுசன். முன்னோர்கள் ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஈஃபிள் என்பது கூடவே ஒட்டிக்கொண்ட அடைமொழி. 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் வந்தபிறகு, ஜெர்மன் வாசனை அடிக்கும் பெயர் தொழிலுக்குச் சரிப்படாது என்று ஆகிவிட்டது. 1880-ல் சட்டப்படியே ஈஃபிள் ஆனார். இல்லாவிட்டால் இன்று பானிக்ஹவுசன் டவர் முன்னாடி நின்றுதான் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

படிப்பில் அவர் பெரிய ஸ்டார் எல்லாம் இல்லை. பிரான்ஸின் உச்சக் கல்வி நிறுவனமான எக்கோல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கவில்லை. எக்கோல் சென்ட்ரலில் சேர்ந்தார். அங்கேயும் எடுத்தது கெமிஸ்ட்ரி. மாமா ஒருவருக்கு ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. படிப்பு முடிந்ததும் அங்கே உட்கார்ந்துவிடலாம் என்பது திட்டம். 1855-ல் பட்டம் வாங்கும் நேரத்தில் குடும்பச் சண்டையில் அந்த வாய்ப்பு போய்விட்டது. வேலை தேடியவருக்கு ரயில்வே பொறியாளர் ஷார்ல் நெப்வூ என்பவரிடம் இடம் கிடைத்தது. படித்தது ஒன்று, பார்த்தது வேறு. நம்மில் பல பேர் கதைதான்.

அது ரயில் காலம். பிரான்ஸ் முழுக்கத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு வந்தால் பாலம், பள்ளத்தாக்கு வந்தால் பாலம். போர்தோ நகரத்தில் கரோன் ஆற்றின் மேல் சுமார் 500 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்பு ரயில் பாலம் கட்டும் வேலை 1858-ல் தொடங்கியபோது, அதன் பொறுப்பு ஈஃபிளிடம் வந்தது. வயது 25-தான். ஆற்றுக்கு அடியில் தூண் இறக்க, காற்றழுத்தத்தால் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வேலை செய்யும் முறை அப்போது புதுசு. அதை வைத்து 1860-ல் முடித்துக் கொடுத்தார். பெயர் வெளியே வந்தது.

1862-ல் மாரி கோட்லே என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள். பாரிஸை ஒட்டிய லெவல்லுவா பெரேயில் சொந்தப் பட்டறை போட்டார். 1868-ல் தெயோஃபில் செய்ரிக் என்ற பொறியாளரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். ஆர்டர்கள் குவிந்தன. 1875-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் அருகே ஒரு சின்ன ரயில் பாலத்தையும் அந்தக் கம்பெனி கட்டிக் கொடுத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

முக்கோணத்தில் அப்படி என்ன இருக்கு?

நாலு பேப்பர் பட்டையை எடுத்து, மூலைகளில் குண்டூசி குத்தி ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு பக்கம் தள்ளினால் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். இப்போது மூன்று பட்டையில் முக்கோணம் செய்யுங்கள். எப்படித் தள்ளினாலும் வடிவம் மாறாது. மாறணும் என்றால் பட்டை நீளணும், அல்லது குறுகணும், அல்லது மடங்கணும். வேறு வழியே கிடையாது. ட்ரஸ் என்பது இவ்வளவுதான்: முக்கோணங்களை வரிசையாகக் கோத்த ஒரு சட்டம்.

இதில் ஒவ்வொரு துண்டும் இரண்டே வேலைதான் செய்யும். ஒன்று இழுபடும், இல்லாவிட்டால் அமுங்கும். பாலத்தின் மேல் சுமை ஏறும்போது மேல் சட்டம் அமுங்கும், கீழ் சட்டம் இழுபடும். பேப்பர் இழுப்பதற்குச் சிங்கம். ஒரு பட்டையை இரண்டு கையாலும் நேராக இழுத்துப் பாருங்கள், அவ்வளவு லேசில் கிழியாது. அதே பட்டையை நிற்கவைத்து மேலிருந்து விரலால் அழுத்துங்கள். உடனே வளைந்துவிடும். அதனால்தான் அமுங்கும் இடத்தில் குழாய்.

இரும்புக்கும் இதே கணக்குதான். மெல்லிசான கம்பி இழுத்தால் தாங்கும், அழுத்தினால் பக்கவாட்டில் வளையும். அதனால் எந்தத் துண்டு இழுபடப் போகிறது, எது அமுங்கப் போகிறது, எவ்வளவு என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டால், தேவையான இடத்தில் மட்டும் இரும்பைப் போட்டு மிச்சத்தைக் காலியாக விடலாம். எடை குறையும், காசு குறையும். ஈஃபிள் கம்பெனி ஜெயித்தது இங்கேதான்.

போர்த்துகலின் போர்ட்டோ நகரத்தில் டூரோ ஆற்றுக்குப் பாலம் கட்ட 1875-ல் போட்டி வைத்தார்கள். ஆறு ஆழம், அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் சரளை. நடுவில் தூண் வைக்கவே முடியாது. ஈஃபிள் கம்பெனி கொடுத்த விலை மற்றவர்களைவிட ரொம்பக் குறைவு. டிசைன் முக்கியமாக செய்ரிக்குடையது: 160 மீட்டர் அகலத்துக்கு ஒரே தாவலில் பிறை வடிவ வளைவு, முழுக்க முக்கோணங்கள். இரண்டு கரையிலிருந்தும் வளைவை இரும்புக் கயிறுகளால் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வளர்த்து, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் சேர்த்தார்கள். 1877 நவம்பரில் திறந்தார்கள். அரசி மரியா பியாவின் பெயர் வைத்தார்கள். 1991 வரைக்கும் அதில் ரயில் ஓடியது.

பாலம் திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அதே 1877 செப்டம்பரில், மனைவி மாரி இறந்துபோனார். அவர் மறுபடி திருமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த மகள் கிளேர் வீட்டைக் கவனித்துக்கொண்டார். கல்யாணம் ஆனபிறகும் கணவருடன் அப்பாவோடேயே இருந்தார்.

செய்ரிக் 1879-ல் பிரிந்து போய்விட்டார். அதே ஊரில், அதே ஆற்றில், இன்னும் பெரிய பாலம் ஒன்றை வேறு கம்பெனிக்காக டிசைன் செய்தார். ஈஃபிள் கதையில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது: வரைபவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. அவர் பெரிய கம்பெனியின் முதலாளி. திறமைசாலிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். செய்ரிக் போனதும் வந்தவர் மோரிஸ் கெஷ்லின் என்ற இளம் பொறியாளர்.

காற்று போக வழி விடு

1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தில் டே பாலம் புயலில் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஐரோப்பாவின் பாலப் பொறியாளர்கள் எல்லோரும் காற்றைப் பார்த்துப் பயந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தெற்கு பிரான்ஸில் கராபி பாலத்தின் வேலை ஈஃபிளுக்கு வந்தது. த்ரூயேர் ஆற்றுக்கு 122 மீட்டர் மேலே தண்டவாளம். பள்ளத்தாக்கில் காற்று சும்மா விடாது. கணக்கு போட்டவர் கெஷ்லின். வளைவின் அகலம் 165 மீட்டர். கெட்டியான சுவர் போல இரும்பை வைத்தால் காற்று முட்டும். சட்டமாக வைத்தால் காற்று ஊடே போய்விடும். அடியில் வளைவை அகலமாக விரித்து வைத்தார்கள், காற்று தள்ளினாலும் சாயாதபடி. 1884-ல் கட்டி முடித்தார்கள். பிறகு ரயிலை நிறுத்திச் சோதித்தபோது வளைவு 8 மில்லிமீட்டர் இறங்கியது. கணக்கில் சொன்னதும் அதே 8 மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே பொறாமை வந்தது. பேப்பரில் போட்ட எண், மலைக்கு நடுவே ஆயிரக்கணக்கான டன் இரும்பில் அப்படியே வந்து நிற்கிறது!

இதே 1880-களில் அவர் விற்ற இன்னொரு சரக்கு அவ்வளவு பிரபலம் இல்லை, ஆனால் எங்கள் வீட்டு ப்ராஜெக்டுக்கு ரொம்ப நெருக்கம். பிரித்து மாட்டும் பாலம். ஒரே அளவிலான சில முக்கோண இரும்புத் துண்டுகள், போல்ட், நட். அவ்வளவுதான். பெட்டியில் கப்பல் ஏற்றி அனுப்பிவிடலாம். போன இடத்தில் கைதேர்ந்த ஆட்கள் தேவையில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஒரு கரையில் முழுசாகக் கோத்து, அப்படியே மறுகரைக்குத் தள்ளிவிடலாம். பிரெஞ்சுக் காலனியான வியட்நாம் பகுதிக்கு இவை நிறையப் போயின. இன்றைய ரெடிமேட் ஃபர்னிச்சருக்குத் தாத்தா மாதிரி.

அமெரிக்காவுக்குப் போன சுதந்திர தேவி சிலைக்கு உள்ளே நிற்பதும் இவர்கள் கைவேலைதான். வெளியே தெரியும் செம்புத் தகடு இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதைத் தாங்குவது உள்ளே நிற்கும் நாலு கால் இரும்புச் சட்டம். அதாவது, செங்குத்தாக நிறுத்திவைத்த ஒரு பாலத்தூண்.

டவர் என்பது ஒரு பெரிய பாலத்தூண்

அடுத்த கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் வேகமாகப் போவோம். 1889-ல் பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு, பாரிஸில் உலகக் கண்காட்சி. 1884 ஜூனில் கெஷ்லினும், சக பொறியாளர் எமில் நூகியேவும் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூணை வரைந்தார்கள். ஈஃபிளுக்கு முதலில் பெரிய ஆர்வம் இல்லை. கட்டடக் கலைஞர் ஸ்டீஃபன் சோவெஸ்டர் அதற்கு வளைவுகளும் அலங்காரமும் சேர்த்தபிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேட்டன்ட் மூன்று பேர் பெயரில் எடுத்தார்கள். பிறகு மற்ற இருவரின் உரிமையையும் அவர் வாங்கிக்கொண்டார். அதனால்தான் அது ஈஃபிள் டவர். கெஷ்லின் டவர் இல்லை.

1887 ஜனவரி 28-ல் வேலை தொடங்கி, 1889 மார்ச் 31-ல் முடிந்தது. இரண்டு வருஷம், இரண்டு மாசம், சில நாள். 18,038 இரும்புத் துண்டுகள். 25 லட்சம் ரிவெட். 7,300 டன் தேனிரும்பு. துண்டுகள் எல்லாம் லெவல்லுவா பட்டறையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் தயாராகி வந்தன. ஒரு ரிவெட் அடிக்க நாலு பேர் வேண்டும்: ஒருவர் சூடாக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் தலையை உருவாக்க, ஒருவர் சுத்தியலால் அடித்து முடிக்க. நாலு கால்களும் சரியாக ஒரே மட்டத்தில் வந்து சேரணுமே? அதற்காகக் கால்களுக்கு அடியில் ஹைட்ராலிக் ஜாக், சாரத்துக்கு அடியில் மணல் பெட்டி. மணலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சட்டம் மெதுவாக இறங்கும். இவ்வளவு பெரிய இரும்பை மணலை வைத்து அட்ஜஸ்ட் செய்திருக்கிறார்கள்!

அந்தக் கால எழுத்தாளர்களும் ஓவியர்களும் இது நகரத்துக்கு அசிங்கம் என்று பத்திரிகையில் பெரிய கண்டனக் கடிதம் எழுதினார்கள். மாப்பசான் பெயரும் அதில் இருந்தது. ஈஃபிள் அசரவில்லை. ஆனால் தான் அறிவியலின் பக்கம் என்று காட்ட, டவரின் நாலு பக்கமும் 72 பிரெஞ்சு அறிஞர்களின் பெயரைப் பொறித்தார். 72-ல் ஒரு பெண்கூட இல்லை. பொருள்கள் எப்படி வளைகின்றன என்ற கணக்கில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான சோஃபி ஜெர்மேன்கூட இல்லை. இந்த டவர் நிற்பதே அந்த வகைக் கணக்கில்தான். இதைப் படித்தபோது கடுப்பாகத்தான் இருந்தது.

1891 ஜூன் 14: அந்தச் சின்னப் பாலம்

சரி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருவோம்.

பாசல் நகரத்தை ஒட்டி முன்ஷென்ஸ்டைன் என்று ஒரு ஊர். அங்கே பிர்ஸ் என்ற ஆறு. அதன் மேல் 1875-ல் ஈஃபிள் கம்பெனி கட்டிய 42 மீட்டர் ட்ரஸ் ரயில் பாலம். டவர் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஈஃபிள் புகழின் உச்சியில் இருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊரில் இசை விழா. பாசலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனம் கிளம்பியது. இரண்டு இன்ஜின்கள் இழுத்த நீளமான ரயில் பாலத்தில் ஏறியது. பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. இன்ஜின்களும் பெட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. 70 பேருக்கு மேல் இறந்தார்கள். 100 பேருக்கு மேல் காயம். பாட்டுக் கேட்கப் போனவர்கள்.

புயல் இல்லை. வெள்ளம் இல்லை. பாலத்துக்கு வயது 16-தான். அப்போ என்ன காரணம்?

சூரிச் பாலிடெக்னிக்கின் பேராசிரியர்கள் வில்ஹெல்ம் ரிட்டர், லுட்விக் டெட்மேயர் இருவரும் விசாரித்தார்கள். பாலத்தின் நடுப்பகுதியில் இருந்த சாய்வுத் துண்டுகள் போதிய பலமில்லாமல் இருந்தன, இரும்பின் தரமும் சரியில்லை என்று அவர்கள் கண்டார்கள்.

சாய்வுத் துண்டுகள்! எங்கள் வீட்டில் போனதும் அதேதான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சுமை பாலத்தின் நடுவில் இருக்கும்போது, அல்லது முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும்போது, நாங்கள் செய்த மாதிரிப் பாலத்தில் எல்லாச் சாய்வுகளும் இழுபடும். பட்டையே போதும். ஆனால் ரயில் அப்படி வானத்திலிருந்து நடுவில் வந்து உட்காராது. ஒரு கரையிலிருந்து உருண்டு வரும். அது பாதியில் வரும்போது, சுமைக்கும் பாலத்தின் நடுவுக்கும் இடையில் உள்ள சாய்வுகளில் விசை தலைகீழாக மாறும். இழுபட்டுக்கொண்டிருந்தது அமுங்க ஆரம்பிக்கும். பட்டையாக இருந்தால் தொளதொளத்துவிடும். முக்கோணம் அங்கே செத்துவிட்டது. மிச்சம் இருப்பது வெறும் சதுரம். சதுரம் என்ன செய்யும் என்று மேலேயே பார்த்தோம். பையன் ஓரத்திலிருந்து புத்தகம் அடுக்கினான் என்றால், அவனுக்கே தெரியாமல் பாலத்தில் ரயில் விட்டிருக்கிறான்.

இது அந்தக் காலப் பொறியாளர்களுக்குத் தெரியாதா? தெரியும். நடுச் சாய்வுகள் அமுங்கவும் செய்யும் என்று தெரிந்துதான் கணக்கு போடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில். அமுங்கும் துண்டு எப்போது வளையும் என்பதற்கு எல்லோரும் நம்பியது, 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர் கொடுத்த சூத்திரம். நீளம் இரட்டிப்பானால் தாங்கும் சக்தி நாலில் ஒரு பங்காகும் என்பது அதில் உள்ள கணக்கு. ஒல்லியான நீளமான கம்பிக்கு அது கச்சிதம். ஆனால் நடுத்தர நீளமுள்ள, கொஞ்சம் தடித்த துண்டுகளுக்கு அது நிஜத்தைவிட அதிகமாகச் சொல்லும். தாங்கும் என்று காகிதம் சொல்லும் சுமைக்கு முன்பே நிஜத் துண்டு வளைந்துவிடும். டெட்மேயர் நிஜத் துண்டுகளை நசுக்கி நசுக்கிச் சோதித்து, ஆய்லரின் சூத்திரம் எங்கே செல்லாது, அங்கே எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று வகுத்தார். அடுத்த வருஷமே, 1892-ல், சுவிட்சர்லாந்து இரும்புப் பாலங்களுக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. டெட்மேயர் பெயரில் உள்ள சூத்திரத்தைப் பொறியியல் பாடத்தில் இன்றும் படிக்கிறார்கள்.

கராபியில் 8 மில்லிமீட்டர் கரெக்டாக வந்தது என்று நான் வியந்தேன் இல்லையா? அதே கம்பெனி, அதே கணக்கு மேஜை. முன்ஷென்ஸ்டைன் பாலம் விழுந்த பழியிலிருந்து ஈஃபிள் கம்பெனியைக் காப்பாற்ற, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் கணக்கு போட்டார்கள் என்று வாதாடலாம். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் 16 வருஷத்தில் இன்ஜின்கள் கனமாகிக்கொண்டே போனதும், இரும்பு தரமாக இல்லாததும் கணக்கில் விட்டுப்போன விஷயங்கள்தான். டவரைப் பற்றிய வீடியோக்களில் இந்த 70 பேரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வருவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கோர்ட், சிறை, பிறகு காற்று

அடி அத்தோடு நிற்கவில்லை. பனாமா கால்வாய் வேலையில் 1887-ல் பூட்டுக்கதவுகள் கட்டும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். 1889-ல் கால்வாய் கம்பெனி திவாலானது. பல லட்சம் சிறு முதலீட்டாளர்களின் பணம் போச்சு. ஊழல் வழக்கில் ஈஃபிளும் மாட்டினார். 1893 பிப்ரவரியில் இரண்டு வருஷம் சிறை, 20,000 ஃப்ராங்க் அபராதம் என்று தீர்ப்பு. கொஞ்ச நாள் உள்ளேயும் இருந்தார். ஜூனில் மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. நிரபராதி என்று அல்ல. காலக்கெடு முடிந்துபோன வழக்கு என்று. வயது 60. கம்பெனியை விட்டு விலகினார். கம்பெனி தன் பெயரிலிருந்து ஈஃபிளை எடுத்துவிட்டது. நடத்தியவர் கெஷ்லின்.

மற்றவராக இருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும். இவருக்கு இன்னும் 30 வருஷம் பாக்கி இருந்தது.

டவருக்கான அனுமதியே 20 வருஷம்தான். 1909-க்குப் பிறகு கழற்றிவிடலாம். அதைக் காப்பாற்ற, அதற்கு ஒரு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். மேலே வானிலைக் கருவிகள் வைத்தார். 1903-ல் ராணுவத்தின் ரேடியோ பரிசோதனைக்குத் தன் செலவிலேயே இடம் கொடுத்தார். ரேடியோ முக்கியமாகிவிட்டது, டவர் தப்பித்தது.

இன்னொரு பக்கம், தன் வாழ்க்கை முழுக்கப் பயந்த காற்றையே ஆராய ஆரம்பித்தார். டவரின் இரண்டாம் தளத்திலிருந்து வெவ்வேறு வடிவத் தகடுகளைக் கீழே விட்டு, காற்று எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். 1909-ல் டவரின் காலடியிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டினார். அதாவது, பொருளை நிறுத்திவைத்துக் காற்றை அதன் மேல் ஓடவிட்டு அளக்கும் கூடம். சத்தம், இடைஞ்சல் என்று புகார் வரவே 1912-ல் பாரிஸின் ஒத்தெய் பகுதிக்கு மாற்றினார். அந்தக் கூடம் இன்னும் இருக்கிறது. ஆரம்ப கால விமானங்களின் மாதிரிகள் அங்கே சோதிக்கப்பட்டன. 1913-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லி பதக்கம் கொடுத்தது.

எனக்குப் பிடித்த ஈஃபிள் இவர்தான். 70 வயதுக்கு மேல், சூத்திரத்தை நம்பி உட்காராமல், பொருளை எடுத்துக் காற்றில் வைத்து நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர். முன்ஷென்ஸ்டைனுக்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் மனசு போடுகிறது.

1923 டிசம்பர் 27 அன்று பாரிஸ் வீட்டில் இறந்தார். வயது 91. முதலில் பட்டறை போட்ட லெவல்லுவா பெரேயிலேயே அடக்கம் செய்தார்கள்.

எங்கள் பாலம் என்ன ஆச்சு?

மறுபடி செய்தோம். நடுவில் உள்ள கட்டங்களில் ஒரு சாய்வுக்குப் பதில் இரண்டு, எக்ஸ் மாதிரி. ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏதோ ஒரு பட்டை இழுபடும், அது பிடித்துக்கொள்ளும். டவர் படத்தை ஜூம் செய்து பாருங்கள், உடம்பு முழுக்க எக்ஸ்தான்.

செவ்வாய்க்கிழமை செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து ஸ்கூலுக்குக் கொண்டு போனான். ஓரத்திலிருந்துதான் அடுக்குவேன் என்று மிஸ்ஸிடம் அடம்பிடித்தானாம். பதினொன்றாவது புத்தகத்தில் விழுந்தது. இந்த முறை போனது சாய்வு இல்லை. கீழ் மூலையில் ஃபெவிகால் சரியாகக் காயாத ஒரு ஜாயிண்ட்.